நாலு ஸ்கோன்

மச்சான்,

போன ஞாயிறு எனக்கு அறுபது முடிந்தது. மகள் சொல்லாமல் கொள்ளாமல் லண்டன் பிக்காடிலியில் உள்ள றிட்ஸ் ஹோட்டலில் ஆஃப்டர்நூன் டீக்குப் புக் பண்ணிவிட்டாள். கோட்டும் டையும் இல்லாத ஆம்பிளையை உள்ளே விடமாட்டார்களாம். மருமகனின் டையைக் கட்டிக்கொண்டு போனேன். எங்களுக்குக் கிடைத்தது காலை 11.30 நேரம். பின்னேரத் தேத்தண்ணி, காலை பதினொன்றரைக்கு! இதை வைத்தே நீ ஒரு மாதம் சிரிப்பாய்.

பாம் கோர்ட் என்ற அந்த மண்டபத்தை வர்ணிக்கப் போவதில்லை. 1906இல் திறந்த ஹோட்டல். சுற்றிவரப் பொன்நிறம், ஒரு பியானோ, வெள்ளித் தேத்தண்ணிப் போச்சி. அதெல்லாம் இருக்கட்டும். மூன்று தட்டு ஸ்டாண்ட் மேசைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, கெக்கரிக்காய் சாண்ட்விச்சின் மேல் பாணை மெல்லத் தூக்கிப் பார்த்ததுதான். பட்டர் கரைவரை பூசியிருந்தது. தோல் சீவி, கண்ணாடிபோல வெட்டி, உப்புத் தூவி, துணியில் ஒற்றித் தண்ணீர் எடுத்த கெக்கரிக்காய். “அப்பா, என்ன செய்யிறீங்கள்?” என்று மகள் மேசைக்குக் கீழே காலால் தட்டினாள். ஒன்றாய் வேலை செய்த கிச்சனில் நாரி பிடிக்க நின்று நீயும் நானும் வெட்டியது எத்தனை ஆயிரம் என்று அவளுக்கு எங்கே தெரியும்? ஒரு மூலையில் பட்டர் விட்டுப்போனாலும் பாண் ஊறிப்போகும் என்று காட்டித் தந்தவன் நீ. வெட்டின கரைகளை வாளிக்குள் போகமுதல் பச்சைமிளகாயோடு தின்னப் பழக்கினவனும் நீதான்.

மகள் போனைப் பார்த்து வாசித்தாள். 1840 அளவில் பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா, மத்தியானத்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் பசி தாங்கமாட்டாமல் அறைக்குத் தேத்தண்ணியும் பாணும் பட்டரும் எடுப்பித்தாராம். அதிலிருந்துதான் இந்தப் பழக்கமாம். பசியாம், மச்சான். அதைக் கேட்டதோடு அந்தச் சனிக்கிழமை வந்து எங்கள் மேசையில் குந்திவிட்டது.

அந்தக் கிச்சனில் உன் லொக்கரைத் திறக்கச் சொன்னபோது நான் நாலடி தள்ளிப் பாண் கத்தியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நீலத் துணியில் சுற்றி நாலு ஸ்கோன், தேத்தண்ணியோடு தின்கிற அந்தச் சின்ன பணிஸ். நீ என்னைப் பார்த்தாய். நான் கத்தியைப் பார்த்தேன். துடைத்த கத்தியையே திரும்பவும் துடைத்தேன். என் லொக்கருக்குப் பூட்டு இல்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விசயம்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் என் பக்கத்தையும் சொல்லவேணும். மனுசிக்கு அப்போது ஏழு மாதம். என் விசாக் கேஸ் ஹோம் ஆபிஸில் கிடந்தது. இதற்கு மேல் இங்கே எழுதமாட்டேன். உன் ஊர்ச்சனம், என் சம்பந்தி வீடு எல்லாரும் வாசிக்கிற இடம். உன் கேஸும் கிடந்ததுதான். அதை அந்த நேரம் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். யோசித்தேன்.

சரி, ஒன்று கேட்கிறேன். நீ ஏன் வாய் திறக்கவில்லை? “என்னுடையது இல்லை” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நானும் முன்னுக்கு வந்திருப்பேனோ என்னவோ. நீ ஏப்ரனை நாலாய் மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போனாய். பெரிய மனிதன்! பிறகு மகளின் சாமத்தியவீட்டில் மைக்கைப் பிடித்து, “இது ஸ்கோன் தின்று வளர்ந்த பிள்ளை” என்றாயே. சபை முழுக்கச் சிரித்தது. எனக்கும் மனுசிக்கும் மட்டும் சுடுகிற மாதிரிப் பேச உனக்கு எவ்வளவு கெட்டித்தனம். அதற்குப் பிறகுதான் உன் போனை எடுக்காமல் விட்டேன். நீ ரொறன்ரோவுக்குப் போனதையும் வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

ஸ்கோன் சூடாகத் துணியில் சுற்றி வந்தது. நான் ஜாமை முதலில் பூசினேன், இங்கிலாந்தின் கோர்ன்வால் மாவட்டத்துக்காரர் மாதிரி. நீ பக்கத்து டெவன் மாவட்டத்தார் கட்சி, கிரீம்தான் முதலில். இந்தச் சண்டையில் ஒருநாள் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு நடந்தோம். மகள் கிரீமை முதலில் பூசினாள். யாரிடம் பழகினாளோ.

எழும்பும்போது, மிச்சத்தைப் பெட்டியில் போட்டுத் தரட்டுமா என்று வெயிட்டர் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மனுசி முந்திக்கொண்டு, ஸ்கோனையும் வைக்கச் சொன்னாள். வீடு வரும்வரை பெட்டியை மடியில் வைத்திருந்தாள். ஒரு கதையும் இல்லை. வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, உன் நம்பர் தன்னிடம் இருக்கிறது என்றாள். இத்தனை வருசமும் இருந்ததாம்.

நாளைக்கு எடுப்பேன். எடுத்தால் முதலில் அந்த டையைப் பற்றித்தான் கதைப்பேன், என்னை உனக்குத் தெரியும்தானே. அதனால் இதை முதலில் வாசி.