பறக்க முடியாத நாளில் எங்களை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

பெங்களூரில் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். அல்சூரிலிருந்து விடியுமுன் பஸ் பிடித்து வரும் மாணவன் நான். வானிலைத் தேர்வில் 70 எடுத்தால் தேர்ச்சி, நான் 84. நாலு விடையில் ஒன்றைத் தட்டுவது அவ்வளவு நன்றாக வருகிறது.

சென்ற மாதம் ஒரு காலை. 0130 மெட்டார் (விமான நிலையத்தின் வானிலை அறிக்கை, கிரீன்விச் நேரத்தில் வரும்), அதாவது நமக்கு ஏழு மணி. பார்வைத் தூரம் 800 மீட்டர், காற்று துளியும் இல்லை, வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 16/16. ஆயிரம் மீட்டருக்குக் கீழே என்றால் அறிக்கையில் எஃப்ஜி, மூடுபனி. அதற்கு மேல் என்றால் பிஆர், லேசான மூடுபனி. (அது பிரெஞ்சு ‘ப்ரூம்’ என்று தெரியும்வரை ‘பேபி ரெயின்’ என்றுதான் மனப்பாடம் செய்தோம்.) பலகையில் ‘கேன்சல்’ எழுதியாயிற்று. எல்லோரும் கேன்டீனுக்குப் போய்விட்டோம்.

ஒன்பது மணிக்கு ஓடுதளத்தின் அந்தக் கோடிவரை தெரிந்தது. செக்லிஸ்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கோலார் தங்கவயல்காரரான மெக்கானிக் அண்ணன்தான் தடுத்தார்: “தம்பி, பனி போகல. எழுந்து நின்னுக்கிட்டிருக்கு. மேல பாரு.” எதிரே செல்போன் டவரின் கீழ்ப்பாதி மட்டும் இருந்தது. தரை சூடாகும்போது மூடுபனி அடியிலிருந்து கலைந்து ஸ்ட்ரேட்டஸ் என்ற தாழ்ந்த மேகப் படலமாக மேலே ஏறும். தேர்வில் நான் சரியாகக் குறித்த விடைதான் அது. டவரைப் பார்த்தபோது ஞாபகத்துக்கு வரவில்லை!

ஏப்ரலிலும் இதே கதைதான். 34 டிகிரி மதியம். நம் தளம் ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருக்கிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி அந்த உயரத்தில் இருக்கவேண்டிய வெப்பம் 9 டிகிரி. கூடுதல் 25, டிகிரிக்கு 120 அடி என்று இன்னும் 3000 அடி சேர்கிறது. ஆக, சூட்டில் காற்று மெலிந்துபோவதால் விமானத்துக்கு அது 6000 அடி உயரத் தளம் மாதிரி. இந்தக் கணக்கைத் தாளில் போட்டவன், அன்று சக்கரம் தரையை விடாமல் உருண்டுகொண்டே போக, கோடியில் நின்ற தென்னைகள் பெரிதாகிக்கொண்டே வந்தபோது, எஞ்சினில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

நான் கேட்பது ஒன்றுதான். கேன்சல் என்று எழுதிய பிறகு எங்களைக் கலைத்துவிடாதீர்கள். வானிலை வகுப்புக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது. போனைப் பையில் போடச் சொல்லிவிட்டு வாசலில் நிறுத்துங்கள். மேகத்தின் அடி எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், பனி எத்தனை மணிக்குக் கலையும் என்று எங்களைச் சொல்லவைத்து, அப்புறம் மெட்டாரோடு ஒப்பிடுங்கள். மே மாதம் பன்னிரண்டு மணிக்குக் காலிஃபிளவர் மாதிரி எழும்பும் மேகம் மூன்று மணிக்கு என்னவாகிறது என்பதையும் அங்கிருந்தே பார்க்கலாம். தப்பாகச் சொன்னால் திட்டுங்கள், பரவாயில்லை.

இப்போதுதான் 1630 மெட்டார் (நமக்கு இரவு பத்து மணி) பார்த்தேன். 17/16, காற்று இல்லை, வானத்தில் மேகமே இல்லை. காலையில் மூடுபனி நிச்சயம் என்று நினைக்கிறேன். ஒன்பதரைக்குள் கலையாது என்பது என் கணக்கு. ஆறரைக்கே வந்துவிடுகிறேன் சார். தப்பானால் எல்லோருக்கும் டீ என் செலவு.

இப்படிக்கு,
உங்கள் மாணவன்