செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், வேலைநாள் என்றும் பாராமல் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இதழியலும் தகவல் தொடர்பியலும் படித்துவிட்டுக் கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில் இருக்கிற நாம், இந்த ஆண்டில் ஒரு மாதம்கூடக் கூட்டம் தவறவிடவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிடுங்கள்.

ஆண்டு முழுக்க நாம் படித்தது, புதியது ஒன்று மக்களிடையே எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எவரெட் ரோஜர்ஸை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1955-இல் தொடங்கிய தகவல் தொடர்புக் கல்லூரிக்கு 1964-இல் ஆசிரியராக வந்தவர். பிரேசில், நைஜீரியா, இந்தியா என்று மூன்று நாட்டுக் கிராமங்களில் அங்கிருந்து ஆய்வு நடத்தினார். அவரை நமக்கு நெருக்கமாக்கியது வேறொன்று. அவர் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா புது இயந்திரம் என்றால் ஆசையாக வாங்குவார். வீரிய ஒட்டு மக்காச்சோளத்தை மட்டும் தொடமாட்டார். 1936 வறட்சியில் அக்கம்பக்கத்தில் அந்தச் சோளம் நிமிர்ந்து நிற்க, இவர் பயிர் வாடியது. அதற்கப்புறம்தான் மாறினார்.

அதே அயோவாவில் அந்த ஒட்டுச் சோளம் பரவியதைப் பற்றி ரயன், கிராஸ் என்ற சமூகவியலாளர்கள் இருவரும் விவசாயிகளைக் கேட்டு எழுதிய ஆய்வு 1943-இல் வெளிவந்தது. அதில் கணக்கில் வந்த 259 பேரில் இருவர் தவிர எல்லோரும் புது விதைக்கு மாறியிருந்தார்கள். சேதியை முதலில் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் விதை விற்பவர்கள். மனதை மாற்றியது பக்கத்துக் காட்டுக்காரர் சொல்.

படித்தால் போதுமா என்று ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு தோட்டங்களுக்குப் போனோம். சொட்டுநீர்ப் பாசனம் யார் சொல்லிப் போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரு வாழைத் தோட்டத்தில் பெரியவர் ஒருவர் பதில் சொல்லாமல் குனிந்து குழாயின் கடைசி மூடியைத் திருகினார். கலங்கல் தண்ணீர் பீய்ச்சிவிட்டுத் தெளிந்தது. போர் தண்ணீரின் உப்பு சொட்டுவாயில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிக் காட்டினார். "ஆபீசருங்க வந்து சொன்னாங்க, நோட்டீசும் குடுத்தாங்க. பக்கத்துத் தோட்டத்து மாமன் வாழை கோடையில வாடாம நின்னுச்சுங்க. அதப் பாத்த பொறகுதானுங்க போட்டேன். இந்த உப்பு எடுக்கறதும் மாமன் சொல்லிக்குடுத்ததுதானுங்க" என்றார். அயோவாவிலும் நம்மூரிலும் கண்ணால் பார்த்ததுதான் பேசியிருக்கிறது. அந்தப் பதிவை இந்த ஆண்டின் பெரிய வரவாக நினைக்கிறேன். வேறு இரண்டு பதிவுகள் காற்றிரைச்சலில் கெட்டுப்போயின. மைக்குக்கு உறை வாங்கியாயிற்று.

மார்கழிக் கூட்டத்தில் காரசாரமான விவாதம் நடந்தது. புதியதை ஏற்பவர்களை ரோஜர்ஸ் ஐந்து வகையாகப் பிரித்து, கடைசி 16 விழுக்காட்டினரைப் பின்தங்கியவர்கள் என்கிறார். வேளாண் துறையில் இருந்து ஓய்வுபெற்ற நம் அக்கா எழுந்து, "குத்தகைக்கு ஓட்டுறவங்க அடுத்தவர் நிலத்துல குழாய் பதிக்க முடியுமா? கையில காசில்லாதவங்களப் பின்தங்கினவங்கன்னு சொல்றது நியாயமா?" என்று கேட்டார். சரியான கேள்வி. புதியதெல்லாம் நல்லது என்ற சாய்வும், ஏற்காதவர் மேலேயே பழி போடும் சாய்வும் இத்துறை ஆய்வுகளில் உண்டு என்று ரோஜர்ஸே பின்னாளில் எழுதினார். வளர்ச்சி பற்றிய பழைய பார்வை கடந்துபோய்விட்டது என்று 1976-இல் சொன்னவரும் அவர்தான். தன் ஆய்வின் குறையைத் தானே சொன்ன அந்த நேர்மைக்காகவே அவரை நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்பது என் கருத்து.

இதுவரை நாம் பேசியது சொட்டுநீர் போட்டவர்களிடம் மட்டுமே. போடாதவர்களிடமும், குறிப்பாகக் குத்தகைக்காரர்களிடமும் கூலிக்குப் போகும் பெண்களிடமும், வரும் ஆண்டில் கேட்க வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரே ரெக்கார்டர். மஞ்சள் வெட்டு தொடங்குவதற்குள் இன்னொன்று வாங்கப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கேட்டு, இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்