வலது கையில் பார்க்கச் சொல்

அன்பு மகளுக்கு,

நேற்று இரவு தொலைபேசியில் நீ சொன்னதைக் கேட்டுவிட்டு உன் அம்மா நிம்மதியாகத் தூங்கப் போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. புதிய மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 104/68 என்று வந்ததாகவும், இரத்தப் பரிசோதனையில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு மிகக் குறைவாக இருந்ததாகவும், அதனால் இந்த ஆண்டு எடுக்க வேண்டிய எம்.ஆர். ஆஞ்சியோகிராம் என்ற இரத்தக்குழாய் ஸ்கேனைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம் என்று நினைப்பதாகவும் சொன்னாய். எந்தக் கையில் பார்த்தார்கள் என்று கேட்டேன். வலது கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் இடது கையில் பார்த்தார்கள் என்றாய். அதற்குமேல் போனில் பேசினால் உன்னைப் பயமுறுத்தியதாக ஆகிவிடுமோ என்று தயங்கி வைத்துவிட்டேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் உடம்பைப் பொறுத்தவரை அந்த இரண்டு எண்களையும் நம்பக் கூடாது.

முதலில் இடது கையைப் பற்றி. காறை எலும்புக்குக் கீழே அந்தக் கைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி, எட்டு ஆண்டுகளுக்கு முன் உனக்கு வந்த டகாயாசு என்ற இரத்தக்குழாய் அழற்சியில் தடித்துச் சுருங்கிப்போனது. அழற்சி அடங்கிய பிறகும் அந்தத் தழும்பு அப்படியேதான் இருக்கிறது. சுருக்கத்தைத் தாண்டி வரும் இரத்தத்தின் அழுத்தத்தை மட்டுமே கையில் கட்டும் பட்டையால் அளக்க முடியும். உன் இதயமும் மூளையும் சிறுநீரகமும் தாங்கிக்கொண்டிருக்கும் அழுத்தம் அதில் தெரியாது. நோயைக் கண்டுபிடித்த அன்று உன் வலது கையில் 162/104, இடது கையில் 98/70. ஒரே குழந்தை, ஒரே நிமிடம். இடது கையில் மட்டும் பார்த்துத்தான் அதற்கு முன்பு இரண்டு இடங்களில் "பி.பி. நன்றாக இருக்கிறது" என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

அந்தப் பதினொரு மாதங்களை நீ எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உனக்குப் பதின்மூன்று வயது. அடிக்கடி தலைவலி என்றாய். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். மாலை நேரத்தில் லேசான காய்ச்சல் வந்து போனது, எடை குறைந்தது. வளரும் வயது, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று எல்லோரும் சொன்னதை நானும் நம்பினேன். தலை பின்னும்போது இடது கை கடுத்துப்போகிறது, கொஞ்ச நேரம் கீழே தொங்கவிட்டால் சரியாகிவிடுகிறது என்று நீ உன் அம்மாவிடம் பலமுறை சொன்னாய். வேலை செய்யும்போது வலித்து, ஓய்வு கொடுத்தால் நிற்கும் வலி இரத்த ஓட்டம் போதாததன் அடையாளம் என்பதை அப்போது நாங்கள் அறிந்திருக்கவில்லை. நீ தெளிவாகத்தான் சொன்னாய்; எங்களுக்குத்தான் புரியவில்லை. அந்த வருத்தம் எனக்குள் இன்னும் இருக்கிறது.

கடைசியில் ஓர் இளம் மருத்துவர் உன் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துப் பிடித்து நாடி பார்த்தார். இடது பக்கம் கிடைக்கவில்லை. அவர் பதற்றம் காட்டாமல் காறை எலும்பின் அருகே ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். குறுகிய குழாயில் இரத்தம் இரைந்து செல்லும் ஒலி அங்கே கேட்டது. பிறகு இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் அழுத்தம் பார்த்தார். ஆஞ்சியோகிராமில் இடது கைத் தமனியோடு இடது சிறுநீரகத் தமனியும் சுருங்கியிருந்தது தெரிந்தது. தனக்கு வரும் இரத்தம் குறைந்ததும், உடம்பு முழுவதிலுமே அழுத்தம் குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் தவறாக எடுத்துக்கொண்டு, ரெனின் என்ற பொருளைச் சுரந்து அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறது என்று அவர் படம் வரைந்து விளக்கினார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரத்தக்குழாய் நோய் என்றாலே முதியவர்களுக்கு வருவது என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன். குழாய்ச் சுவரை உடம்பின் எதிர்ப்பு மண்டலமே தாக்கும் நோய்கள் பல இருப்பதும், அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதைப் பிடித்துக்கொள்வதும் பிறகுதான் தெரிந்தது. கவாசாகி நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருகிறது. உனக்கு வந்த டகாயாசு அழற்சி பெருந்தமனியையும் அதன் பெரிய கிளைகளையும் தாக்குவது. பத்து வயதைக் கடந்த பிறகு, அதிலும் பெண்களிடம், மிகுதியாகத் தொடங்குவது. 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகித்தோ டகாயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் வளையம்போல் பின்னிக்கிடந்த இரத்தக்குழாய்களைப் பற்றி அறிவித்தபோது, அதே கூட்டத்தில் வேறு இரு மருத்துவர்கள் அதுபோன்ற நோயாளிகளின் மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை என்று சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு வயது 21. உனக்கு இப்போது அதே வயது என்பது நேற்று இரவு ஏனோ நினைவுக்கு வந்தது. அவளுக்குக் கிடைக்காத மருந்துகள் உனக்குக் கிடைத்திருக்கின்றன.

இனி இரண்டாவது எண். ஸ்டீராய்டைக் குறைக்கும்போதெல்லாம் அழற்சி திரும்பி வந்ததால், பதினேழு வயதில் உனக்கு டோசிலிசுமாப் தொடங்கினார்கள். இன்டர்லூகின் 6 என்ற சமிக்ஞை வேலை செய்யாதபடி அது தடுக்கிறது. அந்தச் சமிக்ஞை கிடைத்தால்தான் கல்லீரல் சி.ஆர்.பி.யை உண்டாக்கும். ஆகவே அந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை, தமனிச் சுவரில் அழற்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், சி.ஆர்.பி. பெரும்பாலும் குறைவாகவே காட்டும், அழற்சியைக் காட்டும் இன்னொரு பரிசோதனையான ஈ.எஸ்.ஆர். அளவும் அப்படித்தான். இந்த மருந்து எடுக்காதவர்களிடம்கூட இரத்தப் பரிசோதனை சரியாக இருக்கும்போதே உள்ளே சுருக்கம் கூடியிருப்பது உண்டு. சுவர் தடித்திருக்கிறதா, புதிதாக எங்காவது குறுகியிருக்கிறதா, அல்லது விரிந்து பலவீனமாகியிருக்கிறதா என்பதைப் படம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் ஸ்கேனைத் தள்ளிப்போடாதே என்கிறேன். பலூன் வைத்து விரித்த உன் இடது சிறுநீரகத் தமனி மறுபடி சுருங்கக்கூடியது என்பதையும் நீ மறந்துவிடாதே.

இதே காரணத்தால், கிருமித்தொற்று வந்தாலும் உனக்குக் காய்ச்சலும் சி.ஆர்.பி.யும் பெரிதாக ஏறாமல் போகலாம். உடம்பு முடியவில்லை என்றால் வெப்பமானியை மட்டும் நம்பாமல் மருத்துவரிடம் பேசு. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசி எதையும் அவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதே.

பதினைந்து வயதில் முகம் உப்பிவிட்டது என்று நீ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைகளை மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்தாயே, அது எனக்கு இப்போதும் கோபம் தரும் நினைவு இல்லை. வகுப்புத் தோழிகள் சொன்ன சொல் உன்னை எவ்வளவு வலிக்கச் செய்திருக்கும் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் நான்காம் நாள் நீ எழுந்திருக்கக்கூட முடியாமல் கிடந்ததற்குக் காரணம், வெளியிலிருந்து வந்த ஸ்டீராய்டுக்குப் பழகி அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தியிருந்ததுதான். இப்போதும் நீ சிறிய அளவில் எடுத்துக்கொள்கிறாய். குறைப்பதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எதிர்ப்பு மண்டலத்தை அடக்க நீ எடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறைதான் என்பதைப் புதிய மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்; தவறுதலாகத் தினமும் எடுத்து ஆபத்துக்குள்ளானவர்கள் இருக்கிறார்கள். அது வயிற்றில் வளரும் கருவைப் பாதிக்கும் மருந்து. தாயாக வேண்டும் என்று நீ என்றைக்கு நினைத்தாலும், மாதங்களுக்கு முன்பே சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இதை உன் அம்மா சொல்லட்டும் என்று இத்தனை நாள் விட்டிருந்தேன். ஆனால் மருந்துகளின் கணக்கு என்னிடம் இருக்கும்போது நானே எழுதுவதுதான் சரி.

குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தவரை உனக்காக நான் பேசினேன். செவிலியர் பட்டையை எடுக்கும்போதே "வலது கை" என்று சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது. நீ அருகில் அமைதியாக உட்கார்ந்திருப்பாய். பேசும் பழக்கத்தை உனக்கு முன்பே கொடுக்காமல் விட்டது என் பிழை. இப்போது உன் கோப்பை முழுவதும் படித்திராத மனிதர்கள் உன்னைப் பார்க்கிறார்கள்; அவசரத்தில் எந்தக் கை அருகில் இருக்கிறதோ அதைத்தான் பிடிப்பார்கள். டிரிப்ஸ் போடுவதற்கு முன்பே வலது கையில் அழுத்தம் பார்த்துவிடச் சொல். பல் மருத்துவரிடம் போனாலும் சொல். இடது கையில் வந்த எண்ணை உன் கோப்பில் எழுதியிருந்தால், "இடது கை" என்று பக்கத்தில் குறிக்கச் சொல், கேட்பதற்குக் கூச்சப்படாதே.

என் நோட்டுப் புத்தகத்தின் பிரதியையும் கடைசி ஸ்கேன் அறிக்கையையும் இத்துடன் வைத்திருக்கிறேன். வலது கைப் பத்தியில் கடைசியாக இருப்பது நீ கிளம்பிய அன்று காலை பார்த்த 126/80. நாளை எழுந்ததும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, வலது கையில் அளந்து, அதற்குக் கீழே எழுத வேண்டிய எண்ணை எனக்கு அனுப்பு. ஸ்கேனுக்குத் தேதி வாங்கியதும் அதையும் சொல்.

அன்புடன்,
அப்பா