படம் சேர்த்த பழைய நூல்களைப் பிரித்து விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் பழைய நூல்களை வாங்கி விற்கும் ஒருவரிடம், கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தின் பிரதி ஒன்றை அண்மையில் கண்டேன். முன்னர் அதை வைத்திருந்தவர் யாரோ, தாமிரபரணிக் கால்வாய்களைக் காட்டும் கையால் வரைந்த வரைபடங்களையும், பாஞ்சாலங்குறிச்சிப் போரைச் சொல்லும் பக்கங்களுக்கு எதிரே பென்சில் சித்திரங்களையும், ஆங்கிலேயச் சித்திரக்காரர்களான டேனியல் இருவரின் பாபநாசம் அருவிப் படத்தையும் இடையிடையே சேர்த்து மறுபடி பைண்டு செய்திருந்தார். அடுத்த முறை போனபோது கட்டு பிரிக்கப்பட்டு, படங்கள் தனித்தனியே சட்டமிட்டு விற்பனைக்கு மாட்டப்பட்டிருந்தன. மனம் பொறுக்காமல் எழுதுகிறேன்.

ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார் 1769-இல் வெளியிட்ட இங்கிலாந்து வாழ்க்கை வரலாற்று நூலுக்குப் பொருத்தமான உருவப்படங்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கியவர்களால் இவ்வழக்கம் அங்கே பெருகி, அவர் பெயராலேயே அழைக்கப்படலாயிற்று. இவ்வாறு படம் சேர்த்துச் சேர்த்து 60 தொகுதிகளாக வளர்ந்த விவிலியம் ஒன்று கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்தில் இருக்கிறது. இதற்காக வேறு நூல்கள் பல கிழிக்கப்பட்டதும் உண்மையே. ஆயினும் இன்று இவற்றைப் பிரிப்பதால் அந்நூல்கள் மீண்டு வரப்போவதில்லை.

தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792-இல் நம் பகுதிக்கு வந்து வரைந்த அருவிக் காட்சிகள் பின்னர் லண்டனில் அச்சாயின. அவற்றின் பிரதிகள் பிற இடங்களிலும் உண்டு. ஆனால் அப்படத்தை ஒருவர் எந்தப் பக்கத்தின் எதிரே வைத்தார், ஓரத்தில் என்ன குறித்தார் என்பதை அந்த ஒரு பிரதி மட்டுமே சொல்லும். கையால் வரைந்த கால்வாய்ப் படத்துக்கோ வேறு பிரதியே கிடையாது. எந்தக் கால்வாய் எந்தக் குளத்துக்குப் பாய்ந்தது என்று தேடும் ஆய்வாளருக்கு அது ஆவணம். வரவேற்பறைச் சுவரில் வெயில் பட்டு வெளிறினால் அதுவும் போய்விடும்.

நம் மாவட்ட நூலகங்கள் இத்தகைய பிரதிகளை வெறும் நூற்பெயரால் பதியாமல், சேர்க்கப்பட்ட தாள்களையும் பட்டியலில் குறிக்க வேண்டும். மின்னாக்கம் செய்யும்போது மடிப்பு வரைபடங்களை விரித்து, அவை இருக்கும் இடத்திலேயே படமெடுக்க வேண்டும். மறுபடி பைண்டு செய்பவர்கள் ஓரங்களை வெட்டுவதையும் செலோடேப் ஒட்டுவதையும் அறவே தவிர்க்க வேண்டும். பாட்டனார் காலத்து நூல்களை வீட்டில் வைத்திருப்போர் விற்க நேர்ந்தால், முதலில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு, நூலை ஒரே கட்டாகவே கொடுக்குமாறு மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.