எங்களுக்கு முன், மாணவரிடம் சொல்லுங்கள்

கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணின் தந்தை எழுதுகிறேன். அவள் வகுப்புக்கு வராவிட்டால் எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது. உள்தேர்வு மதிப்பெண்ணும் பல நேரம் அவள் பார்ப்பதற்கு முன்பே என் கைபேசிக்கு வந்துவிடுகிறது. அசைன்மென்ட் தாமதம் என்றால்கூட அழைப்பு எனக்குத்தான். தயவுசெய்து இதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்த பிறகு சும்மா இருக்க எந்தப் பெற்றோராலும் முடியாது. உடனே போன் போடுவோம். ஏன் போகவில்லை, யாரோடு இருந்தாய் என்று விசாரணை நடக்கும். அந்தப் பக்கம் ஒன்று பொய் வரும், இல்லை மௌனம். பேராசிரியரிடம் நேரே போய், "எனக்குப் புரியவில்லை, இரண்டு நாள் கூடுதலாகக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டியவள் அவள். அந்தக் கூச்சத்தை அவள் கடப்பதற்குள் நான் பேசி முடித்துவிடுகிறேன். நாளை வேலையிடத்தில் மேலாளரிடமும் நானா பேச முடியும்?

பெற்றோரே நச்சரிக்கிறார்கள் என்பீர்கள். உண்மைதான். கட்டணம் கட்டுகிறோம் என்பதால் எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்களில் நிறையப் பேர். அவர்களிடம் முடியாது என்று சொல்ல உங்களுக்கு ஒரு விதி வேண்டும். அமெரிக்காவில் 1974இல் வந்த ஃபெர்பா சட்டம் அப்படி ஒன்று: 18 வயதானாலோ உயர்கல்வியில் சேர்ந்தாலோ, கல்விப் பதிவுகள் மீதான உரிமை பெற்றோரிடமிருந்து மாணவருக்குப் போய்விடும். பெற்றோரின் வரிக்கணக்கில் மாணவர் அவர்களைச் சார்ந்து வாழ்பவராகக் காட்டப்பட்டிருந்தால் கல்லூரி அவர்களுக்குத் தகவல் தரலாம் என்ற விலக்கும் அதில் உண்டு (கட்டணம் கட்டுகிறோம் என்ற வாதம் அங்கேயும் நுழைந்துவிட்டது!). உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்றால் மாணவரின் சம்மதம் இல்லாமலே சொல்லலாம்.

அந்தக் கடைசி விலக்கு எனக்கும் வேண்டும். என் மகள் விடுதிக்குத் திரும்பவில்லை, மருத்துவமனையில் இருக்கிறாள், வாழ்க்கை வெறுத்ததுபோல் பேசுகிறாள் என்றால் நள்ளிரவிலும் எழுப்புங்கள். மற்றதெல்லாம் முதலில் அவளுக்கே போகட்டும். வருகை குறைந்தால் அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பதில் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். மன்னிப்புக் கடிதம் வேண்டுமென்றால் அவள் கையெழுத்தே போதும்.

சேர்க்கைப் படிவத்தில் 'பெற்றோருக்குத் தகவல் அனுப்பச் சம்மதம்' என்று ஒரு கட்டம் வையுங்கள். நிரப்புவது மாணவராக இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளவும் விடுங்கள். என் மகள் அதில் டிக் போடாவிட்டால் உங்கள் பட்டியலிலிருந்து என் எண்ணை நீக்கிவிடலாம். நான் சண்டைக்கு வர மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை