எரிமலை நாட்டின் சைக்கிள் பாதையும் வலிகாமத்தின் ஒழுங்கைகளும்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

வடக்கின் சுற்றுலா வளர்ச்சி பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மைக்காலமாக வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். விமான நிலையம், படகுச் சேவை, கடற்கரை விடுதிகள் என்று அவற்றில் பேசப்படுபவை யாவும் பயணிகளை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதற்கும் தங்கவைப்பதற்கும் உரியவை. வந்து சேர்ந்தவர் எங்கள் ஊர்மனைகளுக்குள் எந்த வழியால் நுழைவார், எந்த வேகத்தில் அவற்றைப் பார்ப்பார் என்பது பற்றி எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள ஒழுங்கைகளைத் துவிச்சக்கரவண்டிப் பாதைகளாக அடையாளமிட்டு ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், புதிதாக ஒரு முழம் வீதிகூடப் போடாமல் இந்தக் குறையைத் தீர்க்கலாம் என்பது என் கருத்து. இதற்கு நான் காட்டக்கூடிய உதாரணம் மிகத் தொலைவில், ஓர் எரிமலை நாட்டில் இருக்கிறது.

பிரான்ஸின் தென்பகுதியில் வசிக்கும் மகளின் குடும்பத்தாரோடு தங்கியிருந்தபோது, பிரெனே மலைத்தொடருக்கு அப்பால், ஸ்பெயினின் கற்றலோனியாவில் உள்ள கரோட்சா என்னும் பிரதேசத்தைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒலொற் என்ற சிறிய நகரத்தைச் சூழ ஏறத்தாழ 40 எரிமலைக் கூம்புகள் அங்கே இருக்கின்றன. அவை அடங்கிப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டபடியால், புகையையும் தீயையும் எதிர்பார்த்துப் போகிறவர் காடு மூடிய குன்றுகளையே காண்பார். சாந்தா மார்கரிதா என்ற எரிமலையின் வாய்க்குள் இறங்கினால் வட்டமான புல்வெளி ஒன்று விரிந்து கிடக்கிறது. அதன் நடுவே ஒரு சிறிய தேவாலயம் நிற்கிறது. 1428 ஆம் ஆண்டின் பூமியதிர்ச்சியில் இடிந்துபோன அதனை 19 ஆம் நூற்றாண்டில் மீளக் கட்டியிருக்கிறார்கள்.

ஒலொற்றுக்கும் ஜிரோனா நகருக்கும் இடையே 1911 முதல் ஓடிய ஒடுங்கிய பாதைப் புகையிரதம் 1969 இல் நிறுத்தப்பட்டது. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட பின் எஞ்சிய நிலம், 50 கிலோமீற்றருக்கும் அதிகமான நீளத்துக்கு, இன்று நடப்போருக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரிய பாதையாக இருக்கிறது. புகையிரதம் ஏறக்கூடிய சரிவிலேயே பாதையை வெட்டவேண்டியிருந்தமையால், மலைநாடாக இருந்தும் என் வயதுக்காரர் இறங்கித் தள்ளாமல் ஓடிப்போக முடிகிறது. ஒலொற்றிலிருந்து சிறிது தூரம் மெல்ல ஏறினால், அதன்பின் ஜிரோனா வரை பெரும்பாலும் இறக்கந்தான். பாதையை விட்டு வேறு பக்கம் திரும்பினால் கஸ்டெல்ஃபொலித் என்ற ஊர் வருகிறது. எரிமலைக் குழம்பு இறுகி உண்டான 50 மீற்றர் உயரப் பாறைச் சுவரின் விளிம்பிலே அதன் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. இன்னும் அப்பால் பெசலூ என்ற பழைய ஊரின் கற்பாலம் இருக்கிறது. ஆற்றில் இயற்கையாகக் கிடந்த பாறைகளையே அத்திவாரமாகக் கொண்டமையால் அந்தப் பாலம் நடுவிலே ஒருபுறம் வளைந்து போகிறது. நில அளவையாளராக வேலை செய்த எனக்கு, நேர்கோட்டைக் கைவிட்டு நிலத்தின் சொற்கேட்ட அந்தக் கொத்தனார்கள் மீது மதிப்பு உண்டாயிற்று.

ஆயினும் எங்கள் மண்ணுக்குப் பாடமாக அமையக்கூடியது குரோஸ்காத் என்ற எரிமலைதான். ஸ்பெயினின் பெருநிலப் பகுதியிலே மிக உயர்ந்த எரிமலைக் கூம்புகளுள் ஒன்றான இதனை, கட்டட வேலைகளுக்கான சரளைக்காகப் பல ஆண்டுகளாகத் தோண்டி எடுத்தார்கள். மலையின் ஒரு பக்கம் பெரும்பகுதி போய்விட்டது. அப்பகுதி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்து இயக்கம் நடத்தியதன் பயனாக 1982 இல் கற்றலோனியப் பாராளுமன்றம் கரோட்சாவின் எரிமலைப் பகுதியைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றியது. அதன் பிறகும் சில ஆண்டுகள் கழிந்தே குரோஸ்காத்தில் அகழ்வு அடியோடு நின்றது. இன்று அந்த வெட்டுமுகத்தின் அடியில் நடந்துபோய் எரிமலையின் உட்புறத்தைப் பார்க்கலாம். கறுப்பும் செந்நிறமுமாகச் சரளை அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. கீழே கிடந்த ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பாரமே தெரியவில்லை, கல் முழுவதும் ஊசித்துளைகள். செந்நிறத்துக்குக் காரணம், சூடாக இருந்தபோது கல்லிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து துருவேறியமையே என்று அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். சுன்னாகத்திலும் கோப்பாயிலும் எங்கள் தோட்டத்துச் செம்மண்ணைச் சிவப்பாக்குவதும் அதே இரும்புத்துருதான்.

எங்களுக்கும் அத்தகைய வெட்டுமுகங்கள் இருக்கின்றன. 1990 இல் போரினால் மூடப்பட்ட காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக அகழப்பட்ட சுண்ணாம்புக்கற் குழிகள் இன்றும் திறந்தே கிடக்கின்றன. அகழ்வு பற்றிய சர்ச்சையும் இன்னும் ஓயவில்லை. இந்தக் கல்லே எங்கள் தண்ணீர்த் தொட்டி என்பதைப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாரி மழை கல்லின் வெடிப்புகளால் இறங்கிக் கடல்நீரின் மேலே நன்னீர்ப் படையாகத் தங்குவதால்தான் கிணறுகள் இருக்கின்றன. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல எதுவும் இல்லாமைக்கும் அதுவே காரணம். கரோட்சாவில் எரிமலைக் குழம்பு பரவிய நிலத்தின் மேலே வளர்ந்த பீச் மரக் காடு ஒன்றின் ஊடாகப் போனபோது, அத்தனை மழை பெய்யும் இடத்திலே ஓர் ஓடைகூட இல்லாதது கண்டு வியந்தேன். மழை முழுவதையும் அந்தத் துளைக்கல் விழுங்கிவிடுகிறது. வேறு வழியில் உண்டான கல்லானாலும் வேலை ஒன்றே. காங்கேசன்துறைக் குழிகளுள் ஒன்றையாவது வேலியிட்டு, பாதுகாப்பான பார்வைமேடை அமைத்து, எங்கள் பிள்ளைகள் தாம் குடிக்கும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கும் இடமாக ஆக்கலாகாதா? சைக்கிள் பாதையின் வடக்கு முனைக்கு அதைவிடப் பொருத்தமான தரிப்பிடம் இல்லை.

ஒலொற்றுக்கு அருகே லெஸ் ப்ரேசஸ் என்ற ஊரில், வயல் செய்வதற்காக எரிமலைக் கற்களைப் பொறுக்கி எடுத்துச் சாந்து எதுவுமின்றி அடுக்கிய சுவர்களுக்கிடையே நடந்தபோது, நெடுந்தீவிலே முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளையே நினைத்துக்கொண்டேன். அவர்கள் அந்தச் சுவர்களைப் பாதுகாக்கப்பட்ட இடமாக்கி, ஊடாகப் பாதை விட்டிருக்கிறார்கள்.

இங்கே எஞ்சியிருப்பவற்றின் நிலை வேறு. சுமைதாங்கி, மாடுகள் உடலை உரஞ்சும் ஆவுரஞ்சிக்கல், கேணி, தெருமடம் ஆகியவை தலைச்சுமையோடு நடந்தவரையும் மாட்டையும் மனத்தில் வைத்து ஒழுங்கை ஓரங்களில் அமைக்கப்பட்டவை. பிள்ளை வயிற்றோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக உறவினர் சுமைதாங்கி நாட்டும் வழக்கம் இருந்தபடியால், அவற்றுட் பல ஒரு குடும்பத்தின் துயரத்தையும் சுமந்து நிற்பவை. வான் வண்டியில் வருகிறவரின் கண்ணுக்கு இவை படுவதில்லை. நடப்பவருக்கும் சைக்கிளோட்டிக்குமே தெரிகின்றன. எங்கள் பகுதியில் வீதி அகலிப்பு நடந்தபோது ஒரு சுமைதாங்கியின் குறுக்குக்கல் பெயர்க்கப்பட்டு, மண்ணோடு மண்ணாக ஓரத்தில் தள்ளப்பட்டுக் கிடந்தது. கேட்டபோது, திட்டவரைபடத்தில் அப்படி ஒன்று காட்டப்படவில்லை என்று பதில் வந்தது. வரைபடத்தில் இல்லாத பொருளை ஒப்பந்தகாரர் எப்படி மதிப்பார்? ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் அச்சான பழைய நில அளவைத் தாள்களில் வண்டிப் பாதைகள்கூடக் குறிக்கப்பட்டிருந்தன; அவற்றுட் பல இன்றைய எங்கள் ஒழுங்கைகளே.

சைக்கிளைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. எரிபொருள் தடையிருந்த ஆண்டுகளில் விறகும் மரக்கறியும் நோயாளியும் அதிலேதான் போயினர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. 2022 இன் எரிபொருள் நெருக்கடியிலே கொட்டிலில் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. இருந்தும் சைக்கிள் என்பது வசதியற்றவனின் வண்டி என்ற எண்ணம் எங்களிடையே வேரூன்றிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கி அனுப்பும் வெளிநாட்டுத் தாத்தாமார், தாம் வசிக்கும் நாட்டிலே வார இறுதியில் தலைக்கவசம் அணிந்து சைக்கிள் ஓடுகிறார்கள் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம்.

மலை இல்லாத நாடு என்பதால் ஓடுவதற்கு இலகு என்று நினைப்பவர், சோழகம் வீசும் மாதங்களில் பண்ணைத் தாம்போதியிலோ பொன்னாலைத் தாம்போதியிலோ எதிர்காற்றில் ஓடிப் பார்க்கவேண்டும். வெயிலும் பொருட்படுத்தவேண்டியதே. மாரி ஓய்ந்து தோட்டங்கள் பசுமையாக இருக்கும் தை முதல் பங்குனி வரையான காலமும், நாளிலே விடியற்காலையும் இதற்கு உகந்தவை. பெருவீதிகளைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. காப்பெற் போடப்பட்ட பின் பலாலி வீதியிலும் காங்கேசன்துறை வீதியிலும் பேருந்துகளும் டிப்பர்களும் ஓடும் வேகத்தில், பாடசாலை மாணவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டே சைக்கிள் ஓடுகிறார்கள். அவற்றின் ஓரத்திலே மஞ்சட்கோடு கீறிவிட்டு அதற்குச் சைக்கிள் பாதை என்று பெயர் வைப்பதில் பயனில்லை.

முதலாவது பாதை யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்து தொடங்கலாம். நல்லூரில் மந்திரிமனை, யமுனா ஏரி, சங்கிலியன் தோப்பு வளைவு ஆகியவற்றைப் பார்த்து, கோப்பாய் ஊடாகத் தோட்டங்களுக்கிடையே நிலாவரைக்குப் போகலாம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக இருக்கும் அந்தக் கிணறே, மேலே நான் சொன்ன தண்ணீர்க் கதைக்கு நேரடிச் சாட்சி. அங்கிருந்து மேற்கே திரும்பினால், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே வரலாற்றாய்வாளர் போல் ஈ. பீரிஸ் ஆராய்ந்த கந்தரோடையின் சிறு தூபிகள். அதன்பின் மாவிட்டபுரம், கீரிமலை. ஒரு நாளுக்குள் ஆறுதலாக ஓடி முடிக்கக்கூடிய தூரம் இது. வலிகாமம் வடக்கில் நீண்டகாலம் மூடப்பட்டிருந்து கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்ட வீதிகளும், இன்னும் விடுவிக்கப்படாத காணிகளும் இருப்பதால், அப்பகுதியின் பாதையை அங்கே மீளக்குடியேறியவர்களோடு பேசித்தான் வகுக்கவேண்டும்.

இந்த ஒரு பாதையே மாநகர சபையின் எல்லையையும் வலிகாமம் கிழக்கு, தெற்கு, வடக்குப் பிரதேச சபைகளின் எல்லைகளையும் கடக்கிறது. எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு சபையும் தன் எல்லை வரை பலகை நாட்டிவிட்டு நின்றுவிடும். கற்றலோனியாவில் அப்பாதையைப் பல உள்ளூராட்சி மன்றங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்புப் பராமரிக்கிறது. பாதையில் ஓடுகிறவருக்கு எல்லை மாறுவதே தெரிவதில்லை. நான்கு சபைகளும் கூட்டாக ஒரு சிறு குழுவை அமைத்து, தொல்லியல் திணைக்களத்தையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையையும் அதிலே சேர்த்துக்கொள்வது கடினமான காரியமன்று.

அக்குழுவின் முதல் வேலையாக, வரும் மாரிக்கு முன்னர், அந்தப் பாதையின் இருபுறமும் உள்ள சுமைதாங்கிகளையும் ஆவுரஞ்சிக்கற்களையும் கேணிகளையும் மடங்களையும் ஒழுங்கை ஒழுங்கையாகக் கணக்கெடுத்து, வீதித் திட்டவரைபடங்களில் ஏற்றிவிடவேண்டும். பலகைகள் அடுத்த வேலை. அவை ஆளுயர விளம்பரங்களாக இல்லாமல், சைக்கிளில் இருப்பவரின் கண்மட்டத்தில், மூன்று மொழிகளிலும், அடுத்த ஊருக்கு எத்தனை கிலோமீற்றர், குடிநீர் எங்கே கிடைக்கும், சைக்கிளைத் திருத்தும் கடை எந்தச் சந்தியில் இருக்கிறது, கோயிலுக்குள் போவதானால் எந்த உடையில் போகவேண்டும் என்பவற்றை மட்டும் சொன்னால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை நில அளவையாளர் ஒருவர்,
சுன்னாகம்.