துக்க மணி பற்றிக் கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் கிடைத்தது. போதகர் அங்கி போட்டவரை 'நீ' என்று எழுதக் கை வரவில்லை, அதனால் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். பெயரும் ஊரும் இல்லாமல் பதிலைப் பொதுவில் போடச் சொன்னீர்கள். சரி என்று தோன்றியது. இதே விஷயத்தை வேறு சேகரங்களிலிருந்தும் (சபை வட்டாரங்களிலிருந்தும்) ஐயர்மார், அதாவது நம் போதகர்கள், என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

நடந்தது இதுதானே. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன் தற்கொலை செய்துகொண்டான். ஜி.எச்.சில் பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வருவதற்குள் சபைக் கமிட்டி கூடிவிட்டது. கோயிலுக்குள் (தேவாலயத்துக்குள்) கொண்டுவரக் கூடாது, துக்க மணி அடிக்கக் கூடாது, கல்லறைத் தோட்டத்தில் சுவரோரமாக ஒரு இடம் வேண்டுமானால் தரலாம் என்றார்கள். நீங்கள் வீட்டு முற்றத்திலேயே ஆராதனை நடத்தி அடக்கம் செய்து முடித்தீர்கள். கடிதத்தின் கடைசியில், "செமினரியில் படித்த இறையியல் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை, ஐயா" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த வரியோடுதான் எனக்கு வழக்கு. அன்றைக்கு அந்த வராந்தாவில் உட்கார்ந்து கமிட்டிப் பெரியவர் பேசியது என்ன? கடைசி நிமிஷத்தில் பாவம் செய்தான், மனந்திரும்ப நேரம் இல்லை, அப்படிப்பட்டவனுக்குக் கோயில் எதற்கு என்றார். பாவம் என்றால் என்ன, இரட்சிப்பு எதில் நிற்கிறது, சபை யாருக்கு உரியது என்று மூன்று உபதேசங்கள் அந்த ஒரு பேச்சில் இருக்கின்றன. அது சுத்தமான இறையியல். எவ்வளவோ காலமாக யாரும் எடுத்துப் பார்க்காததால் ஊர் வழக்கம் மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தற்கொலை, 'கொலை செய்யாதிருப்பாயாக' என்கிற ஆறாம் கட்டளையை மீறுவது என்று விரிவாக வாதாடியவர் ஆதித் திருச்சபையின் பெரிய ஆசிரியரான அகஸ்டின். 410ல் ரோம் சூறையாடப்பட்டபோது மானத்துக்கு அஞ்சி உயிரை விட்ட பெண்களைப் பற்றிய பேச்சில்தான் அந்த வாதம் வருகிறது. அதே இடத்தில், அந்தப் பெண்களை மன்னிக்க மனமில்லாத மனிதர் உண்டா என்றும் அவர் கேட்கிறார். பின்னால் வந்தவர்கள் வாதத்தை எடுத்துக்கொண்டார்கள், கேள்வியை விட்டுவிட்டார்கள். 6ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகலின் பிராகா நகரில் கூடிய ஆயர்களின் சங்கம், இப்படி இறந்தவர்களுக்கு அடக்கச் சடங்கு இல்லை என்று விதித்தது. இங்கிலாந்து திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில், அடக்க ஆராதனையின் தலைப்பிலேயே ஒரு குறிப்பு உண்டு. ஞானஸ்நானம் பெறாதவர், சபைக்குப் புறம்பாக்கப்பட்டவர், தன்மேல் தானே கைவைத்துக்கொண்டவர் ஆகிய மூவருக்கும் இந்த ஆராதனை கிடையாது என்கிறது அது. அந்தப் புத்தகத்தின் வழியில் வளர்ந்தவைதான் நம் பக்கத்துப் பழைய சபைகள். கமிட்டிப் பெரியவர் அதைப் படித்திருக்க மாட்டார். அவர் தாத்தா காலத்து ஐயர் படித்திருப்பார்.

கத்தோலிக்கரும் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இதே தடையை வைத்திருந்தார்கள். 1983ல் புதிய தொகுப்பு வந்தபோது தற்கொலை அந்தப் பட்டியலில் இல்லை. நம் நாட்டுச் சட்டமே 2017ல் மாறிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே முதலில் கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. போலீஸ் ஸ்டேஷன் கற்றுக்கொண்டதைக் கல்லறைத் தோட்டம் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

இனி உபதேசத்துக்கு வருவோம். கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு இரட்சிப்பு என்று நாம் பிரசங்கிக்கிறோம். கடைசி மூச்சுக்கு முன் ஒவ்வொரு பாவத்தையும் அறிக்கையிட்டால்தான் இரட்சிப்பு என்றால், தூக்கத்தில் மாரடைப்பு வந்து போனவர் கதி என்ன? சண்டை போட்டுவிட்டு பைக்கில் கிளம்பி லாரியில் அடிபட்டவர் கதி என்ன? அவர்களுக்கெல்லாம் மணி அடிக்கிறோம், கோயிலில் வைத்துப் பாட்டுப் பாடுகிறோம். அப்படியானால் ஒரு மனிதனின் முழு வாழ்க்கையையும் அவனுடைய கடைசி ஐந்து நிமிஷத்தைக் கொண்டு கர்த்தர் கணக்குப் பார்க்கிறார் என்று இந்த ஒரு சாவில் மட்டும் எப்படி நம்புகிறோம்? ரோமர் 8ல் அப்போஸ்தலன் பவுல், தேவ அன்பைவிட்டு நம்மைப் பிரிக்க முடியாதவற்றை வரிசையாகச் சொல்கிறார். அதில் முதலில் வருவது மரணம். எந்த வகை மரணம் என்று அவர் பிரிக்கவில்லை.

இன்னொரு முரணும் உண்டு. அடக்க ஆராதனை செத்தவரைப் பரலோகத்துக்கு ஏற்றிவிடும் என்று சீர்திருத்த சபைகள் நம்புவதில்லை. மரித்தவரைக் கர்த்தர் கையில் ஒப்புவிக்கிறோம், இருக்கிறவர்களைத் தேற்றுகிறோம். அப்படி இருக்க, ஆராதனையை மறுத்தால் தண்டனை யாருக்கு? பையனுக்கு அது எட்டாது. அவன் அம்மாவுக்கு எட்டும்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்துப் பிறகு தன்னையே மாய்த்துக்கொண்ட யூதாஸை எப்போதும் இழுப்பார்கள். அவனைப் பற்றிச் சொல்லப்பட்ட கடுமையான வார்த்தைகள் காட்டிக்கொடுத்ததற்காகச் சொல்லப்பட்டவை. (அவன் எறிந்த காசில்கூட அந்நியரை அடக்கம்பண்ணத்தான் நிலம் வாங்கினார்கள்.) அதைவிட நீங்கள் இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலை எடுங்கள். அவனும் தன் பட்டயத்தின்மேல் விழுந்தவன்தான். யாபேஸ் ஊர்க்காரர்கள் ராத்திரி முழுதும் நடந்துபோய் எதிரியின் மதிலிலிருந்து அவன் உடலை இறக்கிக் கொண்டுவந்து அடக்கம்பண்ணி ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள். அவனுக்குப் பின் ராஜாவான தாவீது அவர்களுக்கு ஆள் அனுப்பி, அந்தத் தயவுக்காக ஆசீர்வாதம் சொன்னான். வேதத்தில் தற்கொலை செய்துகொண்டவனை அடக்கம்பண்ணியவர்களைப் பற்றி ஒரு தீர்ப்பு இருக்கிறது என்றால் அது இதுதான். 2 சாமுவேல் 2ஆம் அதிகாரம். கமிட்டியில் சத்தமாக வாசியுங்கள்.

சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூத்தர் தன் சாப்பாட்டு மேசைப் பேச்சில், இப்படி இறந்தவர்கள் நிச்சயமாகக் கெட்டுப்போனார்கள் என்று தான் எண்ணவில்லை என்கிறார். காட்டில் கொள்ளைக்காரனிடம் மாட்டிக் கொலையுண்டவனைப் போன்றவர்கள் என்பது அவர் கருத்து. கொள்ளைக்காரன் என்று அவர் சொல்வது பிசாசை. அந்தப் பகுதியை மட்டும் நம் ஊரில் யோசித்துப் பயன்படுத்துங்கள். மனச்சோர்வில் இருக்கிற பிள்ளையை டாக்டரிடம் காட்டாமல் பிசாசு துரத்துகிற கூட்டத்துக்கு இழுத்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சாக வேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குக் கர்த்தர் செய்தது வேறு. சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றவனிடம் விசுவாசக் குறைவு பற்றிப் பேசவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தார், மறுபடி தூங்கவிட்டார். பேச்செல்லாம் பிறகுதான். மேய்ப்பன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இனி வேலையைப் பார்ப்போம். இப்படி ஒரு செய்தி வந்ததும் கமிட்டிக்கு முன்னால் வீட்டுக்குப் போங்கள். ஏன், எப்படி, காதலா, பரீட்சையா என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் அதை ஏற்கெனவே கேட்டு முடித்திருப்பார்கள். உடல் வர சாயங்காலம் ஆகும். அதற்குள் செயலாளரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடுங்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் வாக்குவாதம் கூடவே கூடாது. கமிட்டியைப் பகைத்தால் அடுத்த மாற்றலில் எங்கே போடுவார்களோ என்று மனதில் ஓடும். ஓடாத ஐயர் யார்?

பிரசங்கம் சின்னதாக இருக்கட்டும். 88ஆம் சங்கீதம் நல்லது, அது கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது, அதைப் பாடியவரும் சபையின் பாட்டுக்காரர்தான். இறந்தவரைக் குற்றவாளியாக்க வேண்டாம். அதே நேரம் "நிம்மதி அடைந்துவிட்டான்" என்றும் சொல்லிவிடாதீர்கள். பின்வரிசையில் அவன் வயசுப் பிள்ளைகள் நிற்பார்கள். அதில் ஒருவனுக்கு அந்த வார்த்தை வழி காட்டிவிடும். தாங்க முடியாத எண்ணம் வந்தால் யாரிடமாவது சொல்லுங்கள், ராத்திரி எந்நேரமானாலும் என் கதவைத் தட்டுங்கள் என்று அங்கேயே சொல்லுங்கள். 104, 14416 என்கிற உதவி எண்களையும் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள்.

அம்மா கேட்பார், "ஐயா, என் பிள்ளை எங்கே இருக்கான்?" தீர்ப்புச் சொல்லும் வேலையை யாரும் நமக்குத் தரவில்லை, ஆனால் அதைச் சாக்காக வைத்து நழுவவும் கூடாது. ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் வாங்கியவர் கைவிட்டார் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை, அம்மா, என்று நான் சொல்வேன். இதற்கு உங்கள் செமினரி நோட்டுப் புத்தகம் முழுதும் வேண்டியிருக்கும். அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபிறகு அந்த வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். நீங்கள் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

அப்புறம், அடுத்த கமிட்டிக்கு ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு போங்கள். சபையில் பெயர் உள்ள யாருக்கும், எப்படி இறந்தாலும், கோயிலும் மணியும் வரிசைப்படி கல்லறையும் உண்டு என்று இரண்டே வரி போதும். சந்தா பாக்கிக்காக அடக்கத்தை நிறுத்துகிற வழக்கம் உங்கள் பக்கமும் இருந்தால் அதையும் இதோடு சேர்த்துவிடுங்கள். துக்க வீட்டுச் சூட்டில் கொண்டுபோகாமல், சாவு எதுவும் இல்லாத ஒரு மாதமாகப் பார்த்து வையுங்கள். வைப்பதற்கு முன் அந்தப் பெரியவரை வீட்டில் போய்ப் பாருங்கள். அவர் கெட்டவர் இல்லை, அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைக் காக்கிறார். நகலை எனக்கு அனுப்பினால் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன், ஓய்வுபெற்ற சேகரகுரு